தண்டவாளத்துக்கு மேலே ஒரு கலைப்பாலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் நடைத்தடம் ரயில்பாதையில் முட்டி நின்றுவிடுகிறது. அதைத் தாண்டப் பறவை வடிவில் ஒரு நடைபாலம் கட்ட நகராட்சி நினைக்கிறது. சிற்பியின் வரைபடத்தில் சிறகு பாலத்துக்குக் கீழேயும் தொங்குகிறது. ரயில் நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா?
– வாசகி, வாஷிங்டன் மாநிலம்

பதில்: தொங்கும் சிறகை ஒத்துக்கொள்ள வாய்ப்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி.என்.எஸ்.எஃப்., யூனியன் பசிபிக் என்ற இரு ரயில் நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட விதிகளின்படி, தண்டவாளத்தின் மேல்முனைக்கும் பாலத்தின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் நடுவே 23 அடி 4 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். வளைவான பாதையில் உயர்ந்திருக்கும் தண்டவாளத்திலிருந்துதான் அளப்பார்கள். சிறகு 3 அடி இறங்கினால் பாலம் முழுவதும் 3 அடி ஏற வேண்டும். 20 அடிக்கு 1 அடி என்ற சரிவில், அதற்காகவே இரு பக்கமும் 60 அடி கூடுதல் சாய்தளம் தேவை.

நடைதளத்தின் கனத்தையும் சேர்த்து 26 அடி ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் ஒரு பக்கத்துக்கே 520 அடி வரும். 12க்கு 1 என்றால் 312 அடிதான். ஆனால் 30 அங்குல ஏற்றத்துக்கு ஒருமுறை 5 அடிச் சமதளம் விட வேண்டும் என்பதால் 360 அடியைத் தாண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு 12க்கு 1 மிகவும் சிரமம். இடம் இருந்தால் 20க்கு 1 வையுங்கள்.

தூண்களைத் தடத்தின் மையக்கோட்டிலிருந்து 25 அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். உள்ளே வந்தால், தடம்புரளும் வண்டியைத் தாங்க, குறைந்தது இரண்டரை அடி கனமும் 12 அடி நீளமும் உள்ள கான்கிரீட் மோதல் சுவர் கட்ட வேண்டியிருக்கும். அதன் பின்னால் எந்தச் சிற்பமும் எடுபடாது.

கேள்வி: அப்படியானால் கலைக்கு எங்கே இடம்?
– அதே வாசகி

பதில்: வேலியில்! கீழே பொருள் விழாதபடி உயரமான தடுப்பு எப்படியும் கட்டாயம். சிற்பியைக் கடைசியில் கூப்பிட்டால் அவர் வேலைக்கு மேல் கம்பிவலைக் கூண்டு வந்து உட்கார்ந்துவிடும். முதல் வரைபடத்திலேயே தடுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.

சியாட்டிலின் ஒலிம்பிக் சிற்பப் பூங்காவை (2007) நேரில் போய்ப் பாருங்கள். பி.என்.எஸ்.எஃப். தடத்துக்கு மேலுள்ள பாலத்தில் கலைஞர் தெரெசிட்டா ஃபெர்னாண்டஸ் வானத்தின் வண்ணப்படங்களைக் கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே பதித்திருக்கிறார். ஏறக்குறைய 200 அடி நீளம். படத்தில் விட்டிருக்கும் சின்னச் சின்னத் தெளிந்த புள்ளிகள் வழியே நகரம் தெரியும். ரயில் கீழே கடக்கும்போது அங்கே நின்று பார்ப்பது தனி அனுபவம்.

கண்ணாடி என்றால் லேமினேட் செய்ததுதான். உடைந்தாலும் சில்லுகள் ஒட்டியே நிற்கும். 200 அடி இரும்பு, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப வித்தியாசத்தில் ஒன்றரை அங்குலம் நீளும். ஆகவே போல்ட் துளைகளைப் பெரிதாக விட்டு ரப்பர் வளையம் போடுங்கள். இறுக்கிப் பிடித்தால் மூலையில்தான் முதலில் விரிசல் விடும். துளையிட்ட தகடு என்றால் குறுக்குப் பட்டைகள் வேண்டாம், ஏணிபோல் ஏறிவிடுவார்கள். அடைத்த தடுப்பு காற்றைப் பிடிக்கும் என்பதால் அதன் பரப்பளவைப் பொறியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தடத்தின் மேல் பெயின்ட் அடித்தால், ஒவ்வொரு முறை மறுபூச்சுக்கும் ரயில் நிறுவனத்தின் அனுமதியும் அவர்களுடைய பாதுகாப்பு ஊழியரும் வேண்டும். பெயின்ட் தேவைப்படாத வெதரிங் ஸ்டீல் எஃகு நல்லது. மேல் துருவே காப்பாகிவிடும். ஆனால் தண்ணீர் தேங்கும் மடிப்புகளில் அரிப்பு நிற்காது, வழியும் துரு கான்கிரீட் தூணையும் கறையாக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் விளக்குகள் ஓட்டுநர் கண்ணில் படவே கூடாது; சிக்னல் என்று நினைத்துவிடுவார்.

கேள்வி: வண்டிகளை நிறுத்தாமல் பாலத்தைத் தூக்கி வைக்க முடியுமா?
– வாசகர், ஓரிகன்

பதில்: தூக்கும் நேரத்துக்கு மட்டும் தடம் வெறுமையாக இருக்க வேண்டும். ரயில் நிறுவனம் தரும் அந்த இடைவெளிக்குள் முடிக்க, பாலத்தைப் பக்கத்து நிலத்திலேயே முழுதாகப் பூட்டிவிடுங்கள். கான்கிரீட் ஊற்றும் தகரத் தட்டு, தடுப்பு, கலைத்தகடு எல்லாம் தரையிலேயே ஏறிவிட வேண்டும். மேலே போன பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் மறுபடி அனுமதி கேட்க நேரும்.

கிரேன், கொக்கி, வடம் அனைத்தும் எடையைப் போல் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். எடையில் தடுப்பையும் கலைத்தகட்டையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள், பலர் விட்டுவிடும் கணக்கு இது.