பிள்ளைகளுக்கு எழுதும் முன் உங்களுக்கென்று ஒரு பங்கை நிறுத்திக்கொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு 69 வயது. திருவாடானை வட்டத்தில், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனத்தில் 4 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அது தாத்தா காலத்துச் சொத்து, 1979-ல் அப்பா எங்களுக்குப் பாகம் பிரித்தபோது என் பங்காக வந்தது. மிளகாய் போட்ட காசில் 1996-ல் 3 ஏக்கர் புஞ்சை வாங்கினேன், அதில் ஒரு கிணறும் பனைகளும் உண்டு. மூத்தவன் என்னோடு விவசாயம் பார்க்கிறான். மகளை 2009-ல் பரமக்குடிப் பக்கம் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோம். இளையவன் சவூதியில் வேலை பார்க்கிறான். பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே, இரண்டு பையன்களுக்கும் இப்போதே சொத்தைக் கொடுத்துவிடும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவிட்டு நிம்மதியாக இரு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என் மனைவி, மகளுக்கும் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், திருவாடானை வட்டம்

பதில்: ஐயா, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. சட்டமும் அதையேதான் சொல்கிறது.

உங்களிடம் இருப்பது இரண்டு வகைச் சொத்து, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. 4 ஏக்கர் நஞ்சை பூர்வீகம். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக நீங்களே முடிவு செய்து அதை யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது, ஏனென்றால் பிள்ளைகளுக்கு அதில் பிறப்பிலேயே உரிமை இருக்கிறது. மகளுக்கும்தான். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது, அப்போது ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த பெண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்குக்கு ஈடாகாது. ஆக, நஞ்சையில் நீங்கள், இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு சம பங்கு. மகளை விட்டுவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் எழுதினால், அந்தப் பத்திரத்தை வைத்தே நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். இப்படிப் போடப்பட்ட பாகப்பிரிவினை வழக்குகளில் நிலம் தரிசாகிக் கருவேலம் முளைத்துப் போனதை நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மகளே மனமுவந்து "எனக்கு வேண்டாம், அண்ணன் தம்பிக்கே இருக்கட்டும்" என்று சொன்னால் அது வேறு. அப்போதும் வாய்ச்சொல்லாக விடாமல் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அப்படிக் கேட்டு அவரை நெருக்காதீர்கள். பிறந்த வீட்டில் முகம் முறியுமே என்று பயந்து கையெழுத்துப் போடும் பெண்கள் நிறைய.

3 ஏக்கர் புஞ்சை, பூர்வீக நஞ்சையின் வருமானத்தில் வாங்கியது இல்லை என்றால், நீங்களே சம்பாதித்தது. அப்படியானால் அதை யாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. மூத்தவர் இத்தனை வருஷம் உங்களோடு வெயிலில் நின்றதற்கு ஏதாவது கூடுதலாகச் செய்ய நினைத்தால் இந்தப் புஞ்சையில் செய்யுங்கள், நஞ்சையில் கை வைக்காதீர்கள். ஏன் அவருக்குக் கூடுதல் என்பதை மூன்று பேரையும் உட்காரவைத்து நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள், பத்திரத்திலும் ஒரு வரி எழுதுங்கள். இதை மறைத்து வைத்துப் பின்னால் தெரியவந்தால்தான் சண்டை.

அப்புறம், இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எல்லாவற்றையும் இப்போதே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். நம் பக்கத்து வழக்கப்படி அப்பாவும் பிள்ளைகளும் பாகம் பிரிக்கும்போது மனைவிக்கென்று தனிப் பங்கு வராது. அதனால் அவருக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நஞ்சையில் உங்கள் நாலில் ஒரு பங்கையும், வீட்டையும், புஞ்சையில் கிணறு இருக்கும் பக்கம் ஒரு பகுதியையும் உங்கள் பெயரிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஒரு உயில் எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது, மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உங்களைவிட இளையவர்களாக, பங்கு வாங்காதவர்களாக இருக்கட்டும். மனைவிக்கு "ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அவர் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டுமா? முழு உரிமையாகவே எழுதுங்கள்.

இனி நிலத்தைப் பிரிப்பது. நாலு ஏக்கர், நாலு பேர், ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று டேப்பைப் பிடித்து அளந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கண்மாய் நிறையாத வருஷம் மடைப் பக்கத்து வயல் விளையும், கடைமடை காயும். மடையோரம் வாங்குபவருக்கு 90 சென்ட் என்றால் கடைசியில் வாங்குபவருக்கு 110 சென்ட் என்று ஏதோ ஒரு கணக்குப் போடுங்கள், அல்லது எல்லோருக்கும் வாய்க்காலில் ஒரு முனை தொடுகிற மாதிரி நீளவாக்கில் பிரியுங்கள். டிராக்டரும் அறுப்பு மிஷினும் போக எத்தனை அடி பாதை, யார் நிலத்தின் வழியே என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். கிணறு அதைவிட முக்கியம். கடலோரத்தில் ஆளுக்கொரு போர் போடலாம் என்று ஆழமாகத் துளைத்தால் உப்புத் தண்ணீர்தான் வரும். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது பொது, யாருக்கு எந்தெந்த நாள் முறை, மோட்டார் ரிப்பேர் செலவு எப்படி, இலவச மின் இணைப்பு யார் பெயரில் என்று எல்லாமே எழுத்தில் வரட்டும். பனைகளையும் எண்ணிப் பிரித்துவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து ஆளாளுக்குத் தனிப் பட்டா வாங்கிவிட வேண்டும். கூட்டுப் பட்டாவாகவே விட்டால் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் கையெழுத்தைத் தேடி அலைய நேரும். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு விற்பனைப் பத்திரம் அளவுக்குச் செலவாகாது, முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கிறது.

இளையவர் லீவில் வரும்போது செய்வதுதான் நல்லது. முடியாவிட்டால், தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அவர் பங்கை யார் உழுவது, விளைச்சலில் அவருக்கு எவ்வளவு வாரம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டையும் தென்னந்தோப்பையும் தம்பிக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தார். இப்போது தம்பி அப்பாவுக்குச் சாப்பாடுகூடப் போடுவதில்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
– ஒரு மகள், மண்டபம் பக்கம்

பதில்: பதிவான செட்டில்மெண்டை அப்பா தனியாக ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் ரத்து செய்ய முடியாது அம்மா. ஆனால் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007 இருக்கிறது. அதன் 23-ம் பிரிவில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி உண்டு. ராமநாதபுரம் கோட்டாட்சியரிடம் அப்பா பெயரில் மனு கொடுங்கள். பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள், இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே மனுவில் மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மனு முடியும்வரை அப்பாவை உங்களோடு வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். பிள்ளைகளுக்கு நானும் உயில் எழுதலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ஷரீஅத்படி வாரிசுகளின் பங்குகள் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டவை. உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குவரைதான் கொடுக்கலாம், அதையும் ஒரு வாரிசுக்கே எழுதினால் உங்கள் காலத்துக்குப் பின் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, கொடுக்கலாம், ஆனால் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, நிலத்தை அவர் கையில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் உங்கள் பிடி போய்விடும் என்பதால், முதலில் கேட்டவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நீங்களும் உங்கள் மனைவியும் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் கொடுங்கள்.