நோட்டீஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்

லோடு வண்டிக்கு மூன்று தவணை நின்றதும் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) நோட்டீஸ் வந்திருக்கிறது, வாங்காமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார், தயவுசெய்து வாங்குங்கள். நீங்கள் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும். வரும் தீர்ப்பைக் கோர்ட் டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். அப்புறம் அதைக் கோர்ட்டில் எதிர்க்க, தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து 3 மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அவ்வளவுதான்.

ஆர்பிட்ரேட்டரைக் கம்பெனியே தனியாக நியமித்ததா என்று முதலில் பாருங்கள். அப்படி நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தகராறுக்குப் பிறகு நீங்களே எழுதிச் சம்மதித்தால் அந்த ஆட்சேபம் போய்விடும். அதனால் அவர்கள் நீட்டும் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்சேபத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, கடன் கணக்கு விவரமும் கேளுங்கள்.