40 சதவீத அடைப்புக்கு எம்ஆர்ஐ எதுக்கு?

கேள்வி: அப்பாவுக்கு லேசா ஸ்ட்ரோக் வந்துச்சு. டாப்ளர் ஸ்கேன்ல கழுத்து ரத்தக்குழாய் 40 சதவீதம்தான் அடைப்பாம், பிறகு எதுக்கு கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க? - வாசகி, மதுரை

பதில்: அடைப்பு எவ்வளவுங்கறது பாதிக் கதைதாங்க. 70 சதவீதம் தாண்டினா ஆபரேஷன் நல்லதுன்னு 1991லயே ஆய்வுல தெரிஞ்சுபோச்சு, ஆனா 40லயும் ஸ்ட்ரோக் வருதே, ஏன்னா கொழுப்புப் படிவு மேல இருக்கிற மெல்லிசு மூடி கிழிஞ்சா அங்கயே ரத்தம் உறைஞ்சு துணுக்கு நேரா மூளைக்குப் போய் அடைச்சிரும். படிவுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா எம்ஆர்ஐல டி1ங்கற ஒரு வகைப் படத்துல பளிச்னு வெள்ளையா தெரியும், அப்படி இருந்தா மறுபடி வர்ற ரிஸ்க் ஜாஸ்தி, மருந்தா ஆபரேஷனான்னு முடிவெடுக்க அது உதவும். இதய ரத்தக்குழாய்க்கு எம்ஆர்ஐ அவ்வளவு சரிப்படாது, 3, 4 மில்லிமீட்டர் குழாய், துடிச்சிட்டே வேற இருக்கும், அதான் அங்க சிடி ஸ்கேன். எம்ஆர்ஐ காந்தத்துல வேலை செய்யறதால, அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.