டி டிரைவ் ஓடினால் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது? – கேள்வி-பதில்

கேள்வி: விண்டோஸ் 11. சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் 2 டிபி ஹார்ட் டிஸ்க். டி-க்கு வீடியோக்களை காப்பி செய்யும்போது பிரவுசர்கூட நின்று நின்று ஓடுகிறது. விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில்தானே?

நியாயமான சந்தேகம். டி எவ்வளவு திணறினாலும் எஸ்எஸ்டியின் வேகம் குறையாது. ஆனால் சி-யிலிருந்து ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் டி-யில் ஒரு ஃபைலைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நிற்கிறது. அது எந்த ஃபைல் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திணறல் நடக்கும்போதே ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறங்கள். டிஸ்க் டேபில் ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’ பகுதியை விரித்து, ‘ரெஸ்பான்ஸ் டைம்’ தலைப்பைச் சொடுக்கி, பெரிய எண் மேலே வருமாறு அடுக்குங்கள். டி-யில் இருக்கும் ஃபைல்களில் நீங்கள் காப்பி செய்யாதவை எவை என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று சிக்கும்.

முதலாவது, பேஜ்ஃபைல்; ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஃபைல். எஸ்எஸ்டியின் ஆயுளைக் காப்பதாக நினைத்து அதை டி-க்கு மாற்றி வைத்தவர்கள் நிறைய. ரேம் நிறைந்ததும் பிரவுசர் டேபின் நினைவுப் பக்கங்கள் அங்கே போகும். திரும்ப எடுக்கும்போது உங்கள் வீடியோ காப்பியோடு வரிசையில் நிற்க வேண்டும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி என்று போங்கள். சி-க்கு ‘சிஸ்டம் மேனேஜ்டு சைஸ்’, டி-க்கு ‘நோ பேஜிங் ஃபைல்’ கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘செட்’ பொத்தானை அழுத்தாவிட்டால் மாற்றம் பதியாது. பிறகு ரீஸ்டார்ட். எல்லா டிரைவிலும் பேஜ்ஃபைலை அடியோடு நீக்குவது மட்டும் வேண்டாம்; ரேம் தீர்ந்தால் புரோகிராம்கள் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, டி-க்கு நகர்த்தப்பட்ட டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்கள். டெஸ்க்டாப்பை மட்டுமாவது சி-க்குத் திருப்புங்கள்: ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘லொகேஷன்’ டேப், ‘ரீஸ்டோர் டிஃபால்ட்’. மூன்றாவது, போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க், வீடியோ எடிட்டரின் கேஷ் போன்ற தற்காலிக ஃபைல்கள். இவை இருக்க வேண்டிய இடம் எஸ்எஸ்டிதான்.

பட்டியலில் எதுவும் அகப்படவில்லை என்றால், கம்ப்யூட்டரை அணைத்து, டி-யின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் டி மேல் பழி இல்லை.

கேள்வி: ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் சில விநாடிகள் எல்லாம் உறைந்து, பிறகு சரியாகிவிடுகிறது. உள்ளே ‘கிர்’ என்று சத்தம் வருகிறது.

அந்தச் சத்தம், உறங்கிய ஹார்ட் டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்கும் சத்தம். ‘சேவ் ஆஸ்’ பெட்டி எல்லா டிரைவ்களையும் விசாரிக்கும்; நீங்கள் சி-யில் சேமித்தாலும் டி எழுந்து வரும்வரை காத்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஹார்ட் டிஸ்க், ‘டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்’. வழக்கமாக அங்கே 20 நிமிடம் இருக்கும். 0 என்று மாற்றினால் ‘நெவர்’ ஆகிவிடும். யுஎஸ்பி வெளி டிரைவ்களில் பல, தங்கள் பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் கணக்குப்படி உறங்கும். அவற்றுக்கு இந்த செட்டிங் பலிக்காது. பயன்படுத்தாதபோது முறையாகக் கழற்றி வைப்பதே வழி.

கேள்வி: காப்பி 180 எம்பி வேகத்தில் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் 15 எம்பிக்கு இறங்கிவிடுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். தொடக்கத்தில் தெரியும் வேகம் ரேமில் சேரும் வேகம். அது நிரம்பிய பிறகே டிஸ்கின் உண்மையான வேகம் தெரியும்.

நீங்கள் அனுப்புவது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களா? நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்கில் அரைச் சுற்றுக்கே 4.17 மில்லிவிநாடி ஆகும். படிக்கும் ஊசி (ஹெட்) நகரும் நேரம் மேலும் 8, 9 மில்லிவிநாடி. அதாவது விநாடிக்குச் சுமார் 75 முதல் 80 இடங்களைத்தான் தொட முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் விநாடிக்கு 300 கேபி அளவுதான் தேறும். ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்பினால் வேகம் பல மடங்கு ஏறும். ஒரே நேரத்தில் இரண்டு காப்பிகளை ஓடவிடாதீர்கள்; ஊசி அங்குமிங்கும் அலைந்து இரண்டும் நொண்டும்.

பெரிய ஃபைலிலும் இப்படி என்றால் உங்கள் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். அதில் தகவல் எழுதப்படும் தடங்கள் ஓட்டுக் கூரைபோல ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வரும் தகவலை முதலில் போட்டு வைக்க டிஸ்கில் வேறொரு பகுதி உண்டு, அது நிறையும்வரை வேகம் இருக்கும். நிறைந்தபின் எழுதவும் அடுக்கவும் ஒரே நேரத்தில் போராடும். காப்பி முடிந்ததும் உடனே அணைக்காமல் சற்று நேரம் சும்மா ஓடவிட்டால் தானே அடுக்கி முடிக்கும். எந்த மாடல் எஸ்எம்ஆர் என்பதை 2020 ஏப்ரலில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா வெளிப்படையாகப் பட்டியலிட்டன. வாங்கும் முன் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பாருங்கள். பேக்கப்புக்கு எஸ்எம்ஆர் போதும். ரெய்டுக்கு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு) வாங்கவே வேண்டாம்.

கேள்வி: டாஸ்க் மேனேஜரில் டி டிரைவ் 100 சதவீதம். ஆனால் ரீட், ரைட் இரண்டும் 0 கேபி. மவுஸ் மட்டும் நகர்கிறது.

இன்றைய கேள்விகளில் என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். செட்டிங்ஸ் எதையும் தொடாதீர்கள். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். குடும்பப் படங்கள், கணக்குகள் முதலில். திரும்ப டவுன்லோட் செய்யக்கூடியவை கடைசியில்.

வேலை நடக்காமல் 100 சதவீதம் என்றால், டிஸ்க் ஒரு செக்டரை (தகவல் இருக்கும் சிறு பகுதி) படிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயல்கிறது, அல்லது கேபிளில் தகவல் சிதைகிறது. இரண்டையும் பிரித்தறிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்களைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய வரிகளின் ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் 0 தவிர வேறு இருந்தால், அதுவும் நாளுக்கு நாள் ஏறினால், டிஸ்க் தேய்கிறது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். புதுக் கேபிள் போட்டு, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பவர் கனெக்டரையும் அழுத்திப் பாருங்கள். கேபிள் மாற்றிய பிறகும் சி7 பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஈவண்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியும் சாட்சி சொல்லும்: ஈவண்ட் ஐடி 7 என்றால் பழுதான பிளாக், 129 என்றால் பதில் வராததால் ரீசெட், 153 என்றால் திரும்ப முயன்ற கோரிக்கை.

பலர் உடனே செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையை ‘ஆர்’ சுவிட்சோடு (/r) ஓட்டுகிறார்கள். அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். பல மணி நேரம் ஆகும். சாகும் நிலையில் உள்ள டிஸ்கை அது சாகடித்தே விடலாம். தரவை எடுத்த பிறகு செய்யுங்கள்.

கேள்வி: டாரண்ட் ஓடினால் டி-யில் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

டாரண்டில் ஃபைலின் துண்டுகள் வரிசை மாறி வந்து விழுவதால் டிஸ்க் முழுக்க ஊசி அலைகிறது. முடியாத டவுன்லோடுகளுக்கான ஃபோல்டரை எஸ்எஸ்டியில் வைத்து, முடிந்ததும் டி-க்கு நகரும்படி அமையுங்கள்.

கேள்வி: சிஸ்மெயின், இண்டெக்சிங் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சிஸ்மெயின் என்பது அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் விண்டோஸ் சேவை; இண்டெக்சிங், ஃபைல் தேடலுக்கான பட்டியல் தயாரிப்பு. ரிசோர்ஸ் மானிட்டரில் அவை டி-யைத் தொடுவது கண்ணால் தெரிந்தால் மட்டும் நிறுத்தலாம். இண்டெக்சிங்கை முழுக்க நிறுத்தத் தேவையில்லை. ‘இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ சென்று ‘மாடிஃபை’யில் டி-யின் டிக்கை எடுத்தால் போதும்.

கேள்வி: உபுண்டுவில் யுஎஸ்பி டிரைவுக்குப் பெரிய ஃபைல் அனுப்பினால் மொத்த கம்ப்யூட்டரும் உறைகிறது.

உபுண்டுவின் மையமான லினக்ஸ் கர்னல், எழுத வேண்டியதை ரேமில் சேர்த்து வைக்கும். வழக்கமான உச்ச வரம்பு, கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம். 16 ஜிபி ரேமில் அது 3 ஜிபி வரை போகும். விநாடிக்கு 30 எம்பி எழுதும் டிரைவ் அதைத் தீர்க்க 100 விநாடி எடுக்கும். வரம்பைத் தொட்டதும் எழுத முயலும் மற்ற புரோகிராம்களும் தடுக்கப்படும். கர்னலின் அளவுகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் (sysctl) அமைப்பில் சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கு கொடுங்கள்: டர்ட்டி பைட்ஸ் (vm.dirty_bytes) 268435456, டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் (vm.dirty_background_bytes) 67108864. முறையே 256 எம்பி, 64 எம்பி. இதற்குப் பிறகு காப்பிப் பெட்டி காட்டும் வேகம் டிரைவின் உண்மை வேகத்தை ஒட்டியே இருக்கும். எப்படியும் காப்பி முடிந்தது என்று வந்தவுடன் பிடுங்காதீர்கள். ‘இஜெக்ட்’ கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுங்கள்.