நீலத்தை விடாமலே நிறம் கூட்டலாம்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து விற்கிறேன். பத்து ஆண்டுகளாக நீலம், வெள்ளை, சந்தனம் என்ற மூன்றைத் தாண்டியதே இல்லை. குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் ஆறு போர்வைகள் கேட்டிருக்கிறார்கள். முன்பு கொடுத்த கருநீலப் போர்வை அறையில் கறுப்படித்தாற்போல் இருக்கிறதாம். இந்த முறை நிறம் நிறமாக வேண்டும் என்கிறார்கள். துணி ஏஜென்ட் ஒருவர் ‘கலர் செட்’ என்று ஒரு கட்டு கொடுத்தார். விரித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். அதையே தைப்பதா? கிலோ கணக்கில் எடுத்தால் மலிவு என்கிறாரே, எடுக்கலாமா? எனக்கு நிறத் தேர்வே வராதோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தக் கட்டை மடித்து எடுத்து வையுங்கள். கத்தரி படக் கூடாது. வெட்டாத துணியைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். மீதிப் பணமும் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

உங்களுக்கு நிறம் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாம்பழ மஞ்சள் சேலைக்கு அரக்குக் கரையா, மயில்கழுத்துக் கரையா என்று ஜவுளிக்கடையில் நின்று யோசிக்காத பெண் உண்டா? ரவிக்கைத் துணி பொருந்தவில்லை என்று எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பீர்கள்! போர்வை தைக்க உட்காரும்போது மட்டும் அந்தக் கண் எங்கே போய்விடுகிறது? சேலையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம், முந்தானையில் கொஞ்சம் துணிச்சல். போர்வைக்கும் அந்தக் கணக்கே போதும். பத்துப் பங்கில் ஆறு பங்கு பழகிய நிறம், மூன்று பங்கு புதியது, ஒரு பங்கு கண்ணைப் பறிப்பது. ‘நிறம் நிறமாக’ என்று விடுதிக்காரர் சொன்னதைக் கேட்டு வானவில்லையே வாங்கி வரத் தேவையில்லை.

அந்தக் கட்டைப் பார்த்தால் தலை சுற்றுவது ஏன்? இப்படிப்பட்ட கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளிப்பச்சை, ஆரஞ்சு, ரோஸ், வாடாமல்லி, எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூ. நிறங்கள்தான் வேறு, அழுத்தம் ஒன்றே. வெளிறிய துணியும் கிடையாது, அடர்ந்த துணியும் கிடையாது. கண் உட்கார இடமே இல்லாதபோது தலை சுற்றாமல் என்ன செய்யும்?

நீங்களே சோதித்துப் பாருங்கள். துணிகளை வரிசையாகத் தரையில் பரப்பி, கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாத் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தக் கட்டு போர்வைக்கு ஆகாது. அதே முறையில் உங்கள் பழைய நீலப் போர்வையையும் படம் எடுங்கள். வெள்ளை வெளிர், சந்தனம் அதற்கு அடுத்த படி, நடுநீலம், கருநீலம் என்று படிப்படியாகத் தெரியும். இத்தனை நாளும் உங்கள் போர்வை விற்றது நீலத்தினால் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் படிகளால்தான் விற்றது.

அப்படியென்றால் புது நிறத்துக்குப் போவது பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. படிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு படியில் மட்டும் ஆளை மாற்றுங்கள். கருநீலம் இருந்த இடத்தில் அரக்கு, பாட்டில் பச்சை, காப்பித்தூள் நிறம் இவற்றில் ஏதாவது ஒன்று. அது பழகிய பிறகு நடுநீலத்தின் இடத்தில் செங்கல் நிறமோ மாம்பழ மஞ்சளோ வரலாம். ஒரு போர்வையில் ஒரே ஒரு புது ஆள். ஆறு போர்வைக்கும் ஆறு விதமாக மாற்றினால், விடுதி அறையில் ஆறும் ஒரு குடும்பமாகவும் தெரியும், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது.

இந்தக் கறுப்பு வெள்ளைச் சோதனை செறிந்த நிறங்களிடம் ஏமாறும். அதில் முதலில் நிற்பது சிவப்பு. இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் துணிந்து நிறம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கை வைப்பது சிவப்பில்தான். உங்கள் ஊர்ப் பக்கத்தில் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியைப் பார்த்திருப்பீர்கள். வெளிர் பருத்தித் துணியில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் பட்டை பட்டையாக ஓடும். அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் இரண்டும் அடர் நிறமாகவே தெரியும். நேரில் பார்த்தாலோ சிவப்பு எட்டடி முன்னால் வந்து நிற்கிறது. நிறம் செறிந்திருந்தால், அது உண்மையில் தரும் ஒளியைவிடக் கூடுதல் பிரகாசமாகவே நம் கண்ணுக்குப் படும். படத்துக்கு அது தெரியாது. ஆகவே குங்குமச் சிவப்பைப் படத்தில் பார்த்து ‘அடர் நிறம்தானே’ என்று கருநீலத்தின் இடத்தில் பாதிப் போர்வைக்கு நிரப்பிவிடாதீர்கள். அறையில் வேறு எதுவும் கண்ணில் படாது. அதைப் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்குங்கள். செறிந்த ஆரஞ்சுக்கும் இதே கட்டுப்பாடுதான். அரக்கு, செங்கல் போன்ற அடங்கிய சிவப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை. இன்னொன்று, பூத்துக்குளி வடிவத்தை மெஷினில் அச்சடித்து ‘தோடா டிசைன்’ என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அச்சுத் துணியை வாங்கி அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

உங்கள் கருநீலம் கறுப்படித்ததற்கு விடுதி அறையின் விளக்கும் காரணமாக இருக்கலாம். சுற்றுலா விடுதிகளில் இப்போது மஞ்சள் வெளிச்சம்தான் மோகம். அந்த விளக்கொளியில் நீலக் கூறு குறைவு. திருப்பித் தரப் போதிய நீலம் இல்லாதபோது நீலத் துணி கறுத்துத்தான் தெரியும். சந்தனமும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அரக்கும் மஞ்சளும் செங்கல்லும் அதே அறையில் சிரிக்கும். துணி வாங்கப் போகும் முன் அந்த அறையில் மாலை நேரத்தில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். கடையில் வாங்கும்போது டியூப்லைட்டின் கீழ் முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்து வாருங்கள். உள்ளே இணையாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் வாசலில் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்வது எப்போதும் நடப்பதுதான். கடைக்காரர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

ஒற்றைத் துணியைத் தனியாகப் பார்த்து ‘அழகு’ என்று வாங்குவதும் வீண். பாரிஸில் கோபலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று அவர் கண்டறிந்து 1839-இல் நூலாகவே எழுதினார். உங்களுக்கு அதில் வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் நீலத்திலும் சந்தனத்திலும் விரலகலத் துண்டுகளை வெட்டி, ஒரு அட்டையில் ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துணி எதுவானாலும் அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்த பிறகே விலை கேளுங்கள். பூவின் அளவையும் கலந்து எடுங்கள்: பெரிய பூ ஒன்று, சிறு புள்ளி ஒன்று, கோடோ கட்டமோ ஒன்று. லுங்கிக் கட்டம் இதற்கு அருமையாகப் பொருந்தும். வெளிர் படிக்குக் காடாத்துணி. அரக்கிலும் பாட்டில் பச்சையிலும் வரும் மதுரைச் சுங்குடி முதல் புது ஆளாக வர நல்ல துணி. 2005-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கூடவே போலியும் பெருகிவிட்டது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததில் விழுந்த புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அச்சுப் புள்ளிகள் வரிசை பிசகாமல் ஒரே வார்ப்பில் நிற்கும். அச்சுத் துணியும் போர்வைக்கு ஆகும்தான், ஆனால் அச்சுத் துணியின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் ஏஜென்ட் விஷயம். மலையில் கடை குறைவு, ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சோம்பலுக்குத்தான் விலை வைக்கிறார்கள். கடையில் தங்கிப்போன துணிகளை அளவாக வெட்டி, ரிப்பன் கட்டி, ‘செட்’ என்று பெயர் வைத்தால் மீட்டர் கணக்கு மறந்துவிடும். கட்டில் மொத்தம் எத்தனை மீட்டர் என்று அளந்து, கொடுத்த பணத்தை அதால் வகுத்துப் பாருங்கள். வயிறு எரியும். ஆனாலும் பாருங்கள்.

கிலோ கணக்கு அதைவிட மோசம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே நூறு கிராம் உலர் பருத்தி 8.5 கிராம் ஈரம் வைத்திருக்கும் என்பது வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. பனிமூட்டமும் மழையுமாக இருக்கும் நீலகிரியில் வாரக்கணக்கில் கிடந்த மூட்டை எவ்வளவு குடித்திருக்கும்! அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். மழைக் காலத்தில் கிலோ துணி வேண்டவே வேண்டாம். மூட்டையின் மேலே பாப்ளின் இருக்கும், நடுவில் பனியன் துணி இருக்கும். பனியன் துணி இழுபடும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் சதுரம் கோணலாகும். பாலியஸ்டரும் கலந்திருக்கும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் தேய்த்தால் அது சுருண்டுவிடும். சந்தேகம் வந்தால் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்.

வெட்டாத முழுத் துணிச் சுருளின் ஓரத்தில் எந்த நூல், எவ்வளவு கலப்பு என்று பெரும்பாலும் அச்சடித்து வருகிறது. கட் பீஸாக வெட்டியதும் அந்த ஓரம் போய்விடுகிறது. அதைக் கேட்பாரும் இல்லை, சோதிப்பாரும் இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நடக்கும் தையல் பயிற்சிகளோ இன்னும் வேடிக்கை. மெஷின் கொடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், மேடையில் படம் எடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே அளவு, ஒரே பை. நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஆள் கிடையாது. பிறகு கண்காட்சியில் நாற்பது மேஜையிலும் ஒரே பை அடுக்கியிருக்க, ‘விற்பனை மந்தம்’ என்று அறிக்கை எழுதுவார்கள். உங்கள் பயத்தில் பாதி அங்கே விளைந்ததுதான்.

சாயத்துக்கு வருகிறேன். அரக்கு, சிவப்பு, கருநீலம், கறுப்பு எதுவானாலும் ஒரு துண்டை வெந்நீர்க் கண்ணாடித் தம்ளரில் வெள்ளைத் துணியோடு அரை மணி ஊற வையுங்கள். தண்ணீரிலோ வெள்ளைத் துணியிலோ நிறம் ஏறினால், முழுத் துணியையும் அலசி அலசி மறுபடி சோதியுங்கள். மூன்றாம் முறையும் சாயம் விட்டால் தள்ளிவிடுங்கள். ‘கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும்’ என்று ஏஜென்ட் சொல்வார், உங்கள் அத்தையும் சொல்வார். சாயம் போடும்போது தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் போட்டு முடிந்து, சரியாக அலசாமல் விற்ற துணியை உப்பு காப்பாற்றாது. வினிகரும் பருத்தியில் காப்பாற்றாது. எந்தப் பருத்தித் துணியையும் வெட்டுமுன் துவைத்துச் சுருங்கவிட்டு விடுங்கள்.

விடுதியில் எப்படித் துவைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளுப்பான் ஊற்றுகிறவர்கள் என்றால் உங்கள் அரக்கு ஒரு சீசன் தாங்காது. வெயிலிலும் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த வெயில்தானே என்று விட்டால் நிறம் போய்விடும்.

ஏஜென்டின் கட்டிலிருந்து உண்மையிலேயே வெளிர், உண்மையிலேயே அடர் என்று தேறுகிற இரண்டு மூன்று துணிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மீட்டர் விலை பேசுங்கள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். மறுத்தால், கொடுத்த பாதிப் பணத்துக்கு எவ்வளவு துணி ஆகுமோ அவ்வளவை மட்டும் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஒன்றாக இருக்கிற துணிகள் பருத்தியாகத் தேறினால் போர்வையின் அடித்துணிக்கு ஆகும், பின்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

ஆறு போர்வையையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். பன்னிரண்டு அங்குலச் சதுரமாக மூன்று மாதிரி தைத்து, அந்த அறைக் கட்டிலின் மேல் போட்டு, விளக்கைப் போட்டுக் காட்டுங்கள். பிடித்த மாதிரியின் ஓரத்தில் விடுதிக்காரரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். ‘நான் சொன்ன நிறம் இது இல்லை’ என்ற பேச்சு பணம் கொடுக்கும் நாளில்தான் வரும். அந்தச் சதுரத்தையும் முன்பணத்தையும் கையில் வாங்கிய பிறகு கத்தரியை எடுங்கள்.