ஜூனைத் தட்டினால் மார்ச் திறக்கிறது

கேள்வி: எங்கள் துணிக்கடை விற்பனையை வெப் ஆப்பில் பார் சார்ட்டாகப் பார்க்கிறோம். சார்ட்.ஜேஎஸ் என்ற, சார்ட் வரையும் மென்பொருளில் செய்தது, ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 பட்டைகள். பட்டையைக் கிளிக் செய்தால் அந்த மாத பில்கள் வர வேண்டும். ஜூனைத் தட்டினால் மார்ச் பில்கள் வருகின்றன. ஏப்ரலைத் தட்டினால் ஒன்றுமே நடப்பதில்லை. செய்துகொடுத்தவர், தனியாக ஒரு பிளக்-இன் (கூடுதல் மென்பொருள்) வாங்க வேண்டும், 18 ஆயிரம் ஆகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சார்ட்.ஜேஎஸ் இலவசம். கிளிக் வசதி அதற்குள்ளேயே ஆன்கிளிக் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் சார்ட்டில் அது வேலையும் செய்கிறது; இல்லாவிட்டால் மார்ச் பில்கள்கூட வந்திருக்காது.

கிளிக் செய்ததும் சார்ட் கொடுப்பது மாதத்தின் பெயரை அல்ல, எத்தனையாவது பட்டை என்ற எண்ணை. அதையும் 0-வில் தொடங்கி எண்ணும். உங்களுக்கு ஏப்ரல் 0, மே 1, ஜூன் 2. சார்ட்.ஜேஎஸ் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் காலண்டரிலோ ஜனவரிதான் 0. அங்கே 2 என்றால் மார்ச். அந்த எண்ணை அப்படியே மாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் திறக்காததற்கும் அந்த 0தான் காரணமாக இருக்கும். 'எண் இருந்தால் திற' என்று எழுதியிருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் 0-வை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். பட்டைகளின் வரிசையிலேயே ஆண்டும் மாதமும் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சில வரி வேலை.

இதற்கு 18 ஆயிரமா என்றுதான் எனக்குக் கோபம் வருகிறது. இலவச வசதிக்கு மேலே ஒரு உறையைப் போட்டு, 'இன்டராக்டிவ் சார்ட்' என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2021-இல் சார்ட்.ஜேஎஸ் 3-ஆம் பதிப்பு வந்தபோது பல பெயர்கள் மாறின. பழைய பதிப்பில் பட்டையின் எண்ணைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு (_) இருக்கும், புதியதில் கிடையாது. அந்த ஒரு கோட்டால் கிளிக் செத்துப்போன சார்ட்டுகளை நானே திருத்தியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பழைய நிரலை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்.

இந்தத் திருத்தம் மட்டும் போதாத ஒரு இடம் உண்டு: விற்பனை மிகக் குறைந்த மாதம். தீபாவளி மாதம் 9 லட்சம், ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய மாதம் 20 ஆயிரம் என்றால், அந்தப் பட்டை ஒரு மயிரிழைதான். சார்ட் சாதாரணமாகப் பட்டைக்குள் விழும் கிளிக்கை மட்டுமே கணக்கில் எடுக்கும். விற்பனை 0 என்றால் தட்டவே இடமில்லை. ஆனால், ஏன் குறைந்தது என்று நீங்கள் திறந்து பார்க்க நினைப்பது அந்த மாதத்தைத்தான். இதற்கு மின்பார்லெங்த் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 6 பிக்சல் வைத்தால் எவ்வளவு சின்னப் பட்டையும் கண்ணுக்குத் தெரியும். விரலுக்கு அதுவும் போதாது என்றால், இன்டர்செக்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, மோட் என்பதை இன்டெக்ஸ் என்று மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மாதத்துக்கு நேர் மேலே வெற்றிடத்தில் தட்டினாலும் பில்கள் திறக்கும். மாற்றி முடித்ததும் ஏப்ரல், ஜூன், விற்பனை குறைந்த மாதம் மூன்றையும் உங்கள் போனிலேயே தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.