பசி, பந்தி, பழைய சோறு: குடல் ஹார்மோன் கேள்வி பதில்

மன்னார்குடி: டாக்டர், தினமும் மதியம் ஒரு மணிக்கு வயிறு கிள்ளுகிறதே, ஏன்?

அது கிரெலின் என்ற பசி ஹார்மோன். இரைப்பையில் சுரப்பது, 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தூக்கம் கெட்டாலும் கூடும். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மறுநாள் அதிகம் பசிக்கிறது என்றால் நம்புங்கள்.

பாபநாசம்: பந்தியில் ரசம் வரும்போதுதான் வயிறு நிறைந்ததே தெரிகிறது. அதற்குள் சாம்பார் சாதம் இரண்டு முறை உள்ளே போய்விடுகிறது.

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். பருப்பும் நெய்யும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது பித்தப்பையைச் சுருக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். அப்புறம் குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் எல் செல்கள் என்ற ஹார்மோன் செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு நிறைவு ஹார்மோன்களை விடும். ஜிஎல்பி-1 இன்சுலினையும் தூண்டும். குளுக்கோஸை ரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் அதிகம் சுரப்பது இதனாலும்தான். இந்தச் சேதியெல்லாம் போய்ச் சேர நேரம் வேண்டும். இலையில் கூட்டும் பொரியலும்தான் முதலில் வருகின்றன, அவற்றை முதலில் சாப்பிடுங்கள். சோறு பிறகு. சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

திருவாரூர்: எடை குறைக்கும் ஊசி கடையிலேயே வாங்கலாமா?

கூடாது. உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் எடை ஊசி மருந்தான செமாக்ளூடைட் பாதி கழியவே ஏறக்குறைய ஒரு வாரம். தொல்லை வந்தால் உடனே வெளியேற்ற வழியில்லை. கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

நீடாமங்கலம்: கும்பகோணத்தில் அந்த ஊசி என்ன விலை?

மேலே திருவாரூருக்குச் சொன்னதைப் படியுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம்.

திருவையாறு: பழைய சோறு ஜிஎல்பி-1ஐக் கூட்டுமாமே?

கொஞ்சம் உண்மை. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் எல் செல்களைத் தூண்டும். ஆனால் அந்தப் பங்கு சிறியது.

வலங்கைமான்: என் அப்பா குண்டான் குண்டானாகப் பழையது சாப்பிட்டார், சர்க்கரையே வரவில்லை!

அண்ணே, அப்பா சாப்பிட்டுவிட்டு எங்கே போனார்? சேற்றில் இறங்கி நாள் முழுக்க வேலை பார்த்தார். நீங்கள் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வலங்கைமான்: அப்போது மாப்பிள்ளைச் சம்பா?

நார்ச்சத்து உண்டு, நல்லது. அளவு அதே அளவுதான்.

நாகை: நண்பர் தந்த ஊசியைப் போட்டேன். இரண்டு நாளாக வாந்தி, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறது.

தம்பி, இதற்கு இங்கே பதில் கிடையாது. கணையமாக இருக்கலாம். ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.